அமாவாசையில் வாங்கி, பௌர்ணமியில் விற்றால் லாபம் வருமா?

பங்கு விலைச் சார்ட் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு கறுப்புப் புள்ளி, ஒவ்வொரு பௌர்ணமிக்கும் ஒரு வெள்ளைப் புள்ளி என்று வைத்துக்கொண்டே போய்ப் பாருங்கள். பத்து நிமிடத்தில் ஆச்சரியம் தொற்றிக்கொள்ளும். விலை உச்சம் தொட்டு இறங்கிய இடத்தில் ஒரு புள்ளி, தரை தட்டி எழுந்த இடத்தில் இன்னொரு புள்ளி. நான் முதன்முதலில் இப்படிக் குறித்துப் பார்த்தபோது, இத்தனை நாள் இதைக் கவனிக்காமல் விட்டோமே என்றுதான் தோன்றியது. அந்த ஆச்சரியம் எங்கிருந்து வருகிறது, அதை நம்பிப் பணத்தை இறக்கலாமா என்பதைச் சந்தைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் புரியும்படி சொல்ல முயல்கிறேன். கூட்டல், பெருக்கல் தெரிந்தால் போதும்.

முதலில், சுழற்சி என்றால் என்ன? ஒரு விஷயம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறுவதற்கு ஏறத்தாழ ஒரே கால அளவை எடுத்துக்கொண்டால் அது சுழற்சி. சந்தைக்காரர்கள் சைக்கிள் என்பார்கள். அதில் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒரு சுற்றுக்கு எத்தனை நாள், இன்று அந்தச் சுற்றில் எந்த இடத்தில் நிற்கிறோம், உச்சத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவே எவ்வளவு உயரம். சைக்கிளை வைத்து டிரேடிங் செய்யச் சொல்பவர்கள் முதல் இரண்டையும் நாள், நேரத்தோடு சொல்லிவிடுவார்கள். மூன்றாவதான உயரம் பெரும்பாலும் பேச்சிலேயே வராது. லாபமோ அந்த உயரத்தில்தான் இருக்கிறது.

நிலவைப் பற்றி ஆய்வுகள் சொல்வது

ஓர் அமாவாசையிலிருந்து அடுத்த அமாவாசைக்குச் சராசரியாக 29.53 நாட்கள். ஆண்டுக்கு 12.37 சுற்றுகள். சந்தையில் புழங்கும் விதி எளிமையானது: அமாவாசையன்று வாங்கு, பௌர்ணமியன்று விற்றுவிடு. வளர்பிறை முழுக்கப் பங்கு கையில் இருக்கட்டும், தேய்பிறையில் ஒதுங்கி நில்.

இதை மூடநம்பிக்கை என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நிதித்துறை ஆய்வாளர்களே இதை முறையாகச் சோதித்திருக்கிறார்கள். இலியா டிச்செவ், டிராய் ஜேன்ஸ் இருவரும் 2001-ல் முன்வைத்த ஆய்வில், அமெரிக்கச் சந்தையின் சுமார் 100 ஆண்டு விலைகளையும் வேறு 24 நாடுகளின் சுமார் 30 ஆண்டு விலைகளையும் எடுத்துக்கொண்டார்கள். அமாவாசையைச் சுற்றியுள்ள 15 நாட்களில் கிடைத்த வருமானம், பௌர்ணமியைச் சுற்றியுள்ள 15 நாட்களில் கிடைத்ததைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று கண்டார்கள். பிறகு கேத்தி யுவான் உள்ளிட்ட மூவர் 48 நாடுகளை ஆராய்ந்து 2006-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிலும் பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வருமானம் குறைவுதான். அவர்கள் கணக்கில் வித்தியாசம் ஆண்டுக்கு 3 முதல் 5 சதவீதம்.

இரண்டு மடங்கு என்று கேட்டதும் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள், இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஆய்வு பேசுவது அமாவாசையைச் சுற்றிய 15 நாட்களைப் பற்றி. அதாவது அமாவாசைக்கு ஏழு நாள் முன்பு தொடங்கி, ஏழு நாள் பின்பு முடிகிற காலம். தேய்பிறையின் நடுவில் ஆரம்பித்து வளர்பிறையின் நடுவில் முடிகிறது. அமாவாசையில் வாங்கிப் பௌர்ணமியில் விற்பவர் கையில் வைத்திருப்பதோ வேறு 15 நாட்கள். அவருக்கு ஆய்வு சொல்லும் நல்ல பாதியில் ஏழு நாளும், மோசமான பாதியில் ஏழு நாளும் சேர்ந்துதான் கிடைக்கும். அப்படியென்றால் அந்த ஆய்வைக் காட்டி இந்த விதியை நியாயப்படுத்த முடியாது. இரண்டும் வெவ்வேறு விதிகள். ஆய்வைப் படிக்காமல் அதன் தலைப்பை மட்டும் கைமாற்றிக்கொண்டே வந்தால் இப்படித்தான் ஆகிவிடுகிறது.

சரி, ஆய்வு சொல்கிறபடியே அமாவாசைக்கு ஏழு நாள் முன்பு வாங்கி, ஏழு நாள் கழித்து விற்றால்? ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போடுவோம். பல பங்குகளின் விலையைச் சேர்த்துச் சொல்லும் குறியீட்டெண் (இன்டெக்ஸ்) ஒன்று ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்கிறது, ஆண்டுக்கு 250 வர்த்தக நாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளுக்குச் சராசரி 0.032 சதவீதம். நல்ல பாதியில் வருமானம் இரண்டு மடங்கு என்றால், நல்ல நாளுக்கு 0.043, மற்ற நாளுக்கு 0.021 என்று பிரியும். வித்தியாசம் ஏறக்குறைய 0.02 சதவீதம். குறியீட்டெண் ஒரே நாளில் 1 சதவீதம் ஏறுவதும் இறங்குவதும் சாதாரணம். அந்த ஆட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்குதான் நிலவின் பங்களிப்பு. நான் உயரம் என்று சொன்னது இதைத்தான்.

இன்னும் ஒரு படி போகலாம். நல்ல பாதியில் மட்டும் பங்கை வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு 5.3 சதவீதம் கிடைக்கும். ஆண்டுக்கு 12.37 முறை வாங்குகிறார், 12.37 முறை விற்கிறார். புரோக்கரேஜ் என்ற தரகுக் கட்டணம், வரி, வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி எல்லாம் சேர்த்து ஒவ்வொரு தடவையும் 0.1 சதவீதம் போனால், செலவு மட்டும் 2.5 சதவீதத்தைத் தொடும். மிஞ்சுவது 2.8. ஒன்றும் செய்யாமல் ஆண்டு முழுக்க வைத்திருந்தவருக்கு 8.

ஏன் இப்படி? மோசமான பாதி என்று நாம் சொன்ன நாட்களிலும் சந்தை ஏறத்தான் செய்கிறது, மெதுவாக ஏறுகிறது, அவ்வளவுதான். அந்த நாட்களில் வெளியே நிற்பவர் அந்த ஏற்றத்தை இழக்கிறார். அந்த நாட்களில் ஷார்ட் போகிறவர், அதாவது விலை இறங்கும் என்று கடன் வாங்கிய பங்கை விற்பவர், அதைவிட அதிகமாக இழக்கிறார். ஆக, ஆய்வு சொல்வது முழுக்க உண்மை என்றே வைத்துக்கொண்டாலும் சும்மா வைத்திருப்பதோடு ஒப்பிட்டால் இந்த டிரேடு நஷ்டம்தான். எனக்கு இந்தக் கணக்கு புரிய நாளாயிற்று. ‘நிலவுக்குச் சந்தையோடு தொடர்பு உண்டா’ என்ற கேள்வியும், ‘அதை வைத்துச் சம்பாதிக்க முடியுமா’ என்ற கேள்வியும் ஒன்றில்லை என்று அப்போதுதான் உறைத்தது.

ஈர்ப்புவிசை என்ற காரணம்

‘கடலையே பொங்க வைக்கிற நிலவு, உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர் உள்ள மனிதனை விட்டுவைக்குமா’ என்று கேட்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் கடல் ஓதம் பெரிதாக எழுவது பௌர்ணமியில் மட்டுமில்லை, அமாவாசையிலும்தான். சூரியன், நிலவு, பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வருவதால் இரண்டு நாட்களிலும் இழுப்பு கூடுகிறது. ஈர்ப்புவிசைதான் முதலீட்டாளர்களின் மனதை ஆட்டுகிறது என்றால், அமாவாசையும் பௌர்ணமியும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஆய்வுகள் சொல்வதோ இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை. தவிர, ஓதம் எழுவது கடல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பரந்து கிடப்பதால். பூமியின் ஒரு பக்கத்தில் இழுப்பு சற்றுக் கூடுதலாகவும் மறுபக்கத்தில் சற்றுக் குறைவாகவும் இருப்பதுதான் ஓதத்துக்குக் காரணம். ஆறடி மனிதனின் தலைக்கும் காலுக்கும் நடுவே அந்த வித்தியாசம் பொருட்படுத்தவே முடியாத அளவு சிறியது.

தூக்கம் என்ற காரணம் இதைவிடக் கொஞ்சம் பரவாயில்லை. 2013-ல் கிறிஸ்டியன் காஜோக்கன் குழுவினர், தூக்க ஆய்வகத்தில் 33 பேரிடம் எடுத்த அளவுகளைத் திரும்பப் பார்த்து, பௌர்ணமியை ஒட்டி அவர்கள் சராசரியாக 20 நிமிடம் குறைவாகத் தூங்கினார்கள் என்று எழுதினார்கள். சிறிய குழு, பின்னால் வந்த எல்லா ஆய்வுகளும் அதே முடிவைத் தரவும் இல்லை. அப்படியே இருந்தாலும், 20 நிமிடத் தூக்கத்திலிருந்து சந்தையின் விலை வரைக்கும் போக வேண்டிய தூரம் மிக நீளம்.

புள்ளிகள் ஏன் அவ்வளவு அழகாகப் பொருந்துகின்றன?

தொடக்கத்தில் சொன்ன ஆச்சரியத்துக்கு இப்போது வருகிறேன். அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீட்டெண்ணின் சில பெரிய திருப்பங்களைப் பாருங்கள். 2007 அக்டோபர் 9-ல் உச்சம், இரண்டு நாளில் அமாவாசை. 2009 மார்ச் 9-ல் அடிமட்டம், ஓரிரு நாளில் பௌர்ணமி. 2020 மார்ச் 23-ல் அடிமட்டம், மறுநாள் அமாவாசை. 2022 ஜனவரி 3-ல் உச்சம், முந்தைய நாள் அமாவாசை. நான்குக்கு நான்கு!

இப்போது திரும்பவும் படியுங்கள். அமாவாசையில் இரண்டு தடவை உச்சம், ஒரு தடவை அடிமட்டம். அமாவாசை வரும்போது வாங்க வேண்டுமா, விற்க வேண்டுமா? இந்தப் பட்டியலிலிருந்து பதில் கிடைக்காது. ‘திருப்பம் வரும்’ என்று மட்டும் சொல்லி, மேலேயா கீழேயா என்று சொல்லாத விதிக்கு, சரியாக இருப்பதற்கான வாய்ப்பு இரண்டு மடங்காகிவிடுகிறது.

அடுத்து, ‘ஒட்டி’ என்ற சொல். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் நடுவே சராசரியாக 14.77 நாட்கள். அப்படியானால் ஆண்டின் எந்த நாளை எடுத்தாலும், அது இரண்டில் ஏதாவது ஒன்றிலிருந்து ஏழு எட்டு நாளுக்கு மேல் தள்ளிப் போகவே முடியாது. மூன்று நாள் முன்பின் இருந்தாலும் பொருந்தியதாகக் கொள்வோம் என்றால், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஏழு நாள், இரண்டுக்கும் சேர்த்து 14 நாள். மொத்தம் 29.5 நாளில் 14 நாள், அதாவது 47 சதவீதம். கண்ணை மூடிக்கொண்டு காலண்டரில் கை வைத்தாலே பாதித் தடவை பொருந்தும். வளர்பிறை, தேய்பிறை அரைநிலவு நாட்களையும் சேர்த்துக்கொண்டால் 28 நாள், 95 சதவீதம். சார்ட்டில் திருப்பங்களைத் தேடிப் போகும் கண்ணுக்குப் பொருந்தியவை மட்டும் பளிச்சென்று தெரியும். பொருந்தாதவை கண்ணில் படாமலேயே போய்விடும். நான் மேலே கொடுத்த நான்கும் பொருந்தியவையாகப் பொறுக்கி எடுத்தவைதான்.

நிலவு டிரேடிங் பேச்சில் தவறாமல் வருவது 1929, 1987 சரிவுகள். 1929 அக்டோபர் 28-ல் அமெரிக்காவின் டவ் ஜோன்ஸ் குறியீட்டெண் சுமார் 13 சதவீதமும், 29-ல் சுமார் 12 சதவீதமும் விழுந்தது. நவம்பர் 1 அமாவாசை. 1987 அக்டோபர் 19-ல் ஒரே நாளில் 22.6 சதவீதம் போயிற்று. அக்டோபர் 22 அமாவாசை. இரண்டுமே அமாவாசைக்கு மூன்று நாள் முன்பு. உண்மையிலேயே விசித்திரமான ஒற்றுமை, மறுக்க மாட்டேன். ஆனால் மேலே பார்த்த ஆய்வுகளின்படி அமாவாசையைச் சுற்றிய நாட்கள்தானே நல்ல நாட்கள்? அந்த விதியைப் பின்பற்றியவர் இரண்டு சரிவிலும் பங்குகளோடு உள்ளே இருந்திருப்பார். ஒரே நிலவை வைத்து ஒருவர் அமாவாசை ஆபத்து என்கிறார், இன்னொருவர் அமாவாசை லாபம் என்கிறார். இருவரிடமும் ஆதாரம் இருக்கிறது.

கோள்களுக்கு நான் அதிக நேரம் ஒதுக்கப் போவதில்லை. புதன் வக்கிரம் (புதன் பின்னோக்கி நகர்வதுபோல் தெரியும் காலம்) ஆண்டுக்கு மூன்று தடவை, சில ஆண்டுகளில் நான்கு தடவை, ஒவ்வொன்றும் ஏறத்தாழ மூன்று வாரம். வியாழனும் சனியும் சேர்வது ஏறத்தாழ 20 ஆண்டுக்கு ஒரு முறை. 1878-ல் பிறந்து 1955-ல் மறைந்த அமெரிக்க டிரேடர் டபிள்யூ. டி. கான் கோண அளவுகளையும் கோள்களின் சுற்றையும் விலையோடு இணைத்துப் பார்த்தவர். அவர் பெயரில் இன்றும் சார்ட் மென்பொருள்களில் கோடு வரையும் கருவிகள் உண்டு. கோள்களின் எண்ணிக்கை, கோணங்களின் எண்ணிக்கை, அனுமதிக்கும் நாட்கள் மூன்றும் கூடக் கூட, எந்தத் தேதிக்கும் ஏதோ ஒன்று பொருந்தும். மேலே போட்ட 47, 95 கணக்கேதான்.

சூரியன், சரக்கு, நீண்ட அலைகள்

வானத்தையும் வணிகத்தையும் இணைக்கும் முயற்சி படித்தவர்களுக்கும் புதிதில்லை. 1870-களில் பொருளாதார மேதை வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ், சூரியனின் கரும்புள்ளிகள் கூடிக் குறைவதால் விளைச்சல் மாறுகிறது, அதனால் வணிக நெருக்கடி வருகிறது என்றார். நெருக்கடிகளுக்கு நடுவே சராசரி 10.44 ஆண்டு. அன்று சூரியச் சுழற்சிக்குச் சொல்லப்பட்ட ஒரு மதிப்பீடு 10.45 ஆண்டு. இதைவிட நெருக்கமான பொருத்தம் வேண்டுமா? இன்றைய அளவுப்படி சூரியச் சுழற்சி சராசரியாகச் சுமார் 11 ஆண்டு. ஒவ்வொரு சுற்றும் ஒரே நீளமும் இல்லை. சுற்றுக்கு அரை ஆண்டுக்குச் சற்று மேல்தானே வித்தியாசம் என்று தோன்றும். பத்துச் சுற்றில் அது ஐந்தரை ஆண்டாகிவிடும். உச்சம் வர வேண்டிய இடத்தில் பள்ளம் நிற்கும்.

காரணம் கைக்கு எட்டுகிற சுழற்சிகளும் உண்டு. 1923-ல் ஜோசப் கிச்சின் சுமார் 40 மாதச் சுழற்சி ஒன்றைச் சுட்டினார். இதை இருப்புச் சரக்கின் கதையாக விளக்குவார்கள். விற்பனை நன்றாகப் போகிறது என்று தெரிய நாளாகும், தெரிந்தபின் உற்பத்தியைக் கூட்டுவார்கள், சரக்கு வந்து குவியும்போது தேவை தணிந்திருக்கும், உற்பத்தியைக் குறைப்பார்கள், கொஞ்ச நாளில் தட்டுப்பாடு. செய்தி வந்து சேரத் தாமதமாவதால் ஏற்ற இறக்கம் பிறக்கிறது. இதில் எனக்கு நம்பிக்கை அதிகம், ஏனென்றால் நிறுவனங்களின் சரக்கிருப்பு எண்களைப் பார்த்து நாமே சரிபார்க்கலாம். ஜனவரியில் பங்குகள் அதிகமாக ஏறும் போக்கும் அமெரிக்கத் தரவுகளில் 1976-லேயே பதிவானது. வரி குறைக்க டிசம்பரில் நஷ்டப் பங்குகளை விற்பவர்கள் ஜனவரியில் திரும்ப வாங்குவது அதற்குச் சொல்லப்படும் ஒரு காரணம். ஆனால் தெரிந்துபோன சுழற்சிக்கு ஆயுள் குறைவு. ஜனவரி ஏற்றம் எல்லோருக்கும் தெரிந்தால் டிசம்பரிலேயே வாங்க வரிசை நிற்கும்.

நீண்ட அலைகளுக்கு வேறு சிக்கல். ரஷ்யப் பொருளாதார அறிஞர் நிக்கோலாய் கோண்ட்ராத்தியேவ் 1920-களில், ஏறத்தாழ 50 ஆண்டு நீளமுள்ள அலைகள் பொருளாதாரத்தில் உண்டு என்றார். 50 ஆண்டு அலை 200 ஆண்டில் நான்கு தடவைதான் வரும். நான்கே உதாரணத்தை வைத்து ஐந்தாவதைத் தேதி போட்டுச் சொல்ல முடியாது. அமெரிக்க அதிபர் தேர்தலை ஒட்டிய நான்கு ஆண்டுச் சுழற்சிக்கும் நூறு ஆண்டில் 25 உதாரணம்தான். இந்த ஒரு விஷயத்தில் நிலவு உயர்ந்து நிற்கிறது. நூறு ஆண்டில் 1,237 சுற்று. சோதிக்கத் தாராளமாகப் போதும்.

கோண்ட்ராத்தியேவ் நடத்திய மாஸ்கோ நிறுவனத்திலேயே வேலை பார்த்தவர் யூஜின் ஸ்லட்ஸ்கி. 1927-ல் அவர் வெளியிட்டது, சுழற்சிகளைப் பற்றி நான் அறிந்ததிலேயே மிக முக்கியமான சோதனை. அரசு லாட்டரிக் குலுக்கலில் விழுந்த எண்களை எடுத்தார். அவற்றில் எந்த ஒழுங்கும் கிடையாது. அடுத்தடுத்த பத்து எண்களைக் கூட்டி ஒரு புள்ளி, ஓர் எண் தள்ளி மறுபடி பத்தைக் கூட்டி அடுத்த புள்ளி என்று வரைந்தார். அலை அலையாக எழுந்து வந்தது! இங்கிலாந்தின் வணிக ஏற்ற இறக்க வரைபடத்தின் ஒரு பகுதியோடு அது பெரிதும் ஒத்துப்போனது. வெறும் குலுக்கல் எண்ணைக் கூட்டினாலே சுழற்சி தோன்றும் என்றால், கண்ணுக்குத் தெரியும் ஒவ்வோர் அலைக்கும் பின்னால் ஒரு கடிகாரம் ஓடுவதாக நினைக்கத் தேவையில்லை.

சார்ட்டில் நாம் போடும் மூவிங் ஆவரேஜ் செய்வதும் இதே வேலைதான். கடந்த 20 வார விலைகளைக் கூட்டி வகுக்கிறோம், அலை வருகிறது. ஜே. எம். ஹர்ஸ்ட் 1970-ல் பிரபலமாக்கிய சைக்கிள் முறையில் இந்தச் சராசரியை நடு வாரத்துக்கு நேராக வரைவார்கள். பழைய விலைகளில் அது பிரமாதமாகப் பொருந்தும், ஏனென்றால் ஒவ்வொரு புள்ளியும் தனக்குப் பின்னால் வந்த பத்து வாரத்தையும் பார்த்துவிட்டுத்தான் வரையப்பட்டிருக்கிறது. இன்றைய தேதிக்கு அந்தப் பத்து வாரம் இன்னும் வரவில்லை. அதனால் கோடு பத்து வாரம் முன்பே நின்றுவிடும். நாம் வாங்குவதா விற்பதா என்று முடிவெடுக்க வேண்டிய இடத்தில் கோடே இருக்காது. அங்கிருந்து நீட்டி வரைவது ஊகம்.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

இவ்வளவு சொன்னபிறகும் நிலவு விதியைச் சோதிக்க ஆசை இருந்தால், அதை மனதார வரவேற்கிறேன். பணம் போடாமல் ஒரு ஸ்பிரெட்ஷீட்டில் செய்யலாம். ஒரு குறியீட்டெண்ணின் 20 ஆண்டுத் தினசரி விலைகளை இறக்கிக்கொள்ளுங்கள். 247 நிலவுச் சுற்றுகள் கிடைக்கும். சார்ட்டைப் பார்ப்பதற்கு முன்பே விதியை எழுதி வையுங்கள்: எந்த நாள் வாங்குவது, எந்த நாள் விற்பது, விடுமுறை வந்தால் முன்னாலா பின்னாலா, செலவு எத்தனை சதவீதம். பிறகு அதில் கை வைக்கவே கூடாது. பாதியில் ஒரு நாள் முன்னே பின்னே தள்ளிப் பார்க்கலாமே என்று தோன்றும், அங்கேதான் எல்லோரும் வழுக்குகிறார்கள்.

முடிவு வந்ததும் உடனே நம்பிவிடாதீர்கள். அப்புறம் ஒரு பொய் நிலவைச் செய்யுங்கள். எல்லா அமாவாசைத் தேதிகளையும் ஒரு நாள் தள்ளி, அதே விதியை அப்படியே ஓட்டுங்கள். அடுத்து இரண்டு நாள் தள்ளி, மூன்று நாள் தள்ளி, இப்படி 28 நாள் வரை. உண்மை நிலவு ஒன்று, பொய் நிலவுகள் 28, மொத்தம் 29 முடிவுகள். இதோடு 25 நாள், 33 நாள் என்று வானத்தில் இல்லாத சுற்றுகளையும் ஓட்டிப் பாருங்கள். எல்லாவற்றையும் லாபத்தின்படி வரிசையாக அடுக்குங்கள். அக்கம்பக்கத்துத் தேதிகள் ஒன்றோடொன்று ஒட்டியே வரும், அது இயல்பு. நீங்கள் பார்க்க வேண்டியது, உண்மை நிலவு அந்த வரிசையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதை. நடுவில் எங்கோ இருந்தால் விஷயம் அங்கேயே முடிந்தது. உச்சியில் இருந்தால், அதே விதியை நீங்கள் இதுவரை பார்க்காத வேறொரு நாட்டின் குறியீட்டெண்ணில், ஒரு எழுத்தும் மாற்றாமல் இன்னொரு தடவை ஓட்டுங்கள்.